பன்னீர் மாதிரி அடிக்கும் டேங்க்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு புளியமரம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தார்ச்சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் ஏழு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வாரம். பஸ் ஓடவில்லை. களையெடுக்க வரும் வெளியூர்ப் பெண்கள் வரவில்லை. உள்ளூர் ஆண்களில் பாதிப் பேர் முறை வைத்து மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். களைக்கு இதெல்லாம் தெரியாது. தியாகதுருகத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில், என் அக்கா வீட்டுக்காரரின் இளங்கரும்பில் அது தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது.

“மச்சான், கள்ளக்குறிச்சி போயி மருந்தடிக்கிற டேங்க் ஒண்ணு வாங்கிகினு வா” என்றார் மாமா. “களைக்குன்னு சொல்லு. மறந்துடாத, களைக்குன்னு சொல்லு.”

நான் பி.ஏ. முடித்துவிட்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டபடி, டீக்கடைக்கு வரும் மூன்று தினசரிகளையும் தலையங்கம் வரை படித்துக்கொண்டிருந்த காலம் அது. (வேலை தேடுகிறேன் என்றுதான் வெளியில் சொல்வது.) ஒரே சொல்லை இரண்டு முறை சொல்லி அனுப்பியது எனக்கு அவமானமாக இருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிப் புளியமரத்தைத் தாண்டினேன்.

கள்ளக்குறிச்சியில் கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன். பித்தளை டேங்க் ஒன்றும் நீல பிளாஸ்டிக் டேங்க் ஒன்றும் இருந்தன. இரண்டையும் முதுகில் மாட்டிப் பார்த்தேன். பித்தளையை மாட்டிய பிறகு நிமிர முடியவில்லை, பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

“களைக்கா, பூச்சிக்கா?” என்று கேட்டு, குழாய் முனையில் மாட்டும் இரண்டு நாசில்களை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

“ரெண்டு நாசிலையும் அடிச்சுக் காட்டுங்க.”

தண்ணீர் ஊற்றி அடித்துக் காட்டினார். முதல் நாசில் விசிறி போல் விரிந்து, கனமான துளிகளாகத் தரையில் நேர்க்கோடு போட்டது. குழாயடியில் கால் கழுவுவதைப் போல இருந்தது. இரண்டாவதிலிருந்து புகை மாதிரி வந்தது. கல்லா மேஜை, காலண்டர், கடைக்காரரின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் சமமாகப் படிந்தது.

“இதுதான் வேணும்.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர், “களைக்குன்னா மொதல்ல காமிச்சதுதாங்க” என்றார்.

“மருந்துன்னா எல்லா இடத்துக்கும் பரவ வேணாமா?”

என்னை ஒரு முறை பார்த்தார். “படிச்சவரு சொல்றீங்க” என்றபடி நான் கேட்டதையே மாட்டிக் கொடுத்தார். இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மணி ஒன்றே கால். புளியமரத்தில் இப்போது பதினைந்து பேர் இருந்தார்கள். வெயில் கொளுத்தியது.

“இன்னாபா முதுவுல?”

“மருந்தடிக்கிற டேங்க்கு. புதுசு.”

“புதுசுதானே? தண்ணி ஊத்தி எங்க மேல கொஞ்சம் அடிச்சு உடு. வேவுது.”

அடித்தேன். கல்யாண வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது என்றார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்ற ஒருவர், “டேய், நான் அடிக்கச் சொல்லவே இல்லியே, என் மேல எப்பிடிடா வந்துச்சு?” என்று சட்டையைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (ஒரு நல்ல நிருபர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டிருப்பான். நான் அப்போது நிருபன் இல்லை.)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கும் கிழக்குப் பக்கத்து நிலத்து முனுசாமி அண்ணனுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வரப்புச் சண்டையில் ஒன்றரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மாதம்தான் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு நின்றால் தண்ணீர் முறையிலும் தகராறு வரும். தண்ணீர் நின்றால் கரும்பு காயும்.

மறுநாள் மாமாவுக்கு மறியல் முறை. “காத்து எழும்பறதுக்கு முன்ன, விடிகாலையில அடிச்சுடு” என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பர் வருமா என்று டீக்கடையில் காத்திருந்து, வராது என்று முடிவானபின் நான் கரும்பில் இறங்கியபோது மணி பத்தரை. கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேல்காற்று கிழக்கே வீசிக்கொண்டிருந்தது. களைக்கொல்லி மேகம் மேகமாகக் கிளம்பி எனக்கு முன்னால் போனது. முதுகில் டேங்க்கோடு ஒரு தேவனைப் போல உணர்ந்தேன்.

அந்த மருந்து கரும்பு, சோளம், மக்காச்சோளம் போன்ற நீள இலைப் பயிரை ஒன்றும் செய்யாது. அகல இலைச் செடிகளை மட்டும் சுருட்டும். முனுசாமி அண்ணன் நிலத்தில் இருந்தது பருத்தி.

நான்காம் நாள் காலை அவர் ஒரு பருத்திச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இலைகள் குழந்தை கை மூடியது மாதிரி இருந்தன.

“இன்னா இது? வரப்போரமா அஞ்சு சாலு, வரிசை வரிசையா இப்பிடியே கெடக்குது.”

மாமா செடியைப் பார்த்தார். பிறகு டேங்க்கை எடுத்து நாசிலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“களைக்குன்னு சொன்னியா?”

தலையங்கம் படிப்பவனைப் போல நானும் நாசிலை உற்றுப் பார்த்தேன். உள்ளேயிருந்து அக்கா, “அவன் எங்க சொல்லியிருப்பான்! வூட்ல உப்பு கம்மின்னாலே அரை மணி நேரம் பேசுவான், கேட்ட வார்த்தைய மட்டும் சொல்ல மாட்டான்” என்றாள்.

அன்று தண்ணீர் முறை எங்களுடையது. முனுசாமி அண்ணன் மோட்டார் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

“தண்ணிய நிறுத்தினா என் பருத்தி நேராயிடுமா?” என்றார் அவர். “உன் மச்சான அனுப்பு. என் பருத்திக் கொல்லையில களைய அவன் எடுக்கட்டும். கையால. அந்த டேங்க்க மட்டும் வரப்பு தாண்டி எடுத்துகினு வரக் கூடாது.”

பதினொரு நாள் எடுத்தேன். ஐந்தாம் நாள் பஸ் ஓடியது. களையெடுக்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். என் சாலுக்குப் பக்கத்துச் சாலில் உட்கார்ந்த ஒரு அம்மா, நான் பிடுங்கிப் போட்டதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“ஏங்க பி.ஏ., இது பருத்திங்க. மருந்துல தப்பிச்சதக்கூட கையில உட மாட்டீங்களா?”

சுருண்ட செடிகள் பலவும் புதுத் துளிர் விட்டன. வரப்போரம் இரண்டு சால் மட்டும் கடைசிவரை காய்க்கவில்லை. தண்ணீர் முறை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அதன்பின் நான் செய்தித்தாள் வேலைக்குப் போய், பல ஊர் சுற்றி, ஓய்வும் பெற்றுவிட்டேன். முனுசாமி அண்ணன் இன்றைக்கும் விதை வாங்கப் போகுமுன் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் போவார்: “தங்கச்சி, உன் தம்பி எங்க கீறான்?” சேலம், சென்னை என்று அக்கா சொன்னால் அந்த வருடம் பருத்தி.

போன வருடம் அக்கா பேத்தியின் காதுகுத்துக்காக ஒரு மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். முனுசாமி அண்ணன் மக்காச்சோளம் விதைத்தார்.