ஐஸ் பெட்டிக்குள் புளி

மீன் பொட்டலங்களுக்கு அடியில் கையை விட்டு, கறுப்பு உருண்டைகள் இருந்த பைகளை ஐஸ் பெட்டியின் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அழகேசனின் முதுகுக்குப் பின்னால் நவமணியின் குரல் கேட்டது.

"அங்க என்னத்தைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீங்க?"

அழகேசனுக்குக் கை விறைத்துப்போனது. பாதி குளிரால், பாதி பயத்தால்.

பைகளுக்குள் இருந்தது ஆந்தை கக்கியது. கரங்கான் ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எலியை ஒழிக்க, கம்பங்களில் பெட்டி அடித்து ஆந்தை வளர்க்கிறார்கள். ஆந்தை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஸ்காட்லாந்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் மகள் வாசுகிக்கு அந்த உருண்டைகள்தான் ஆராய்ச்சி. அங்கே பனியில் நடுங்கியபடி அவள் எழுதும் கடைசி அத்தியாயம், இங்கே தோட்டத்தின் மூன்றாம் பிளாக்கிலும் எட்டாம் பிளாக்கிலும் அப்பன் பொறுக்கும் உருண்டைகளை நம்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவளே நேரில் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீங்கப்பா. ஆந்தைன்னு தெரிஞ்சா ஐஸ் பெட்டியோட தூக்கி வெளிய போட்டுருவாங்க" என்று சொல்லியிருந்தாள்.

பொய்யில்லை. கூரைமேல் ஆந்தை கத்தினால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறவள் நவமணி. மகள் ஏதோ பறவையைப் பற்றிப் படிக்கிறாள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். தோட்டம் முழுக்க அதை மயில் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"புளி" என்றார் அழகேசன்.

"ஐஸ் பெட்டியில எதுக்குப் புளி?"

"ராமையா குடுத்தான். சியாம் புளியாம். குளிர்ல வச்சாத்தான் கெடாதுன்னான்."

காலமெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய ஆள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. முதல் பொய்யே இவ்வளவு சுத்தமாக வந்து விழுந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை மதியச் சமையல் வரைக்கும்தான் தாங்கியது.

குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அடுப்படியில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தார். புளி கரைக்க வைத்த சட்டியில் மயிர் மிதந்தது. நடுவே நகத்தளவு மண்டை ஓடு ஒன்று பல்லைக் காட்டியது.

"செய்வினைங்க! யாரோ நம்ம குடும்பத்துக்கு வச்சிட்டாங்க!" நவமணி சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "யாரோ என்ன யாரோ? ராமையா குடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அழகேசன் வாயைத் திறப்பதற்குள் அவள் துடைப்பத்தோடு அடுத்த வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு இதுதான் கூலியா? எம்மவ வெளிநாட்டுல படிக்கிறது உங்க கண்ணை உறுத்துதா?"

ராமையா சோற்றுக் கையோடு வெளியே வந்தான். அழகேசனோடு ஒரே கூட்டத்தில் குலை வெட்டுகிறவன். "என்ன தங்கச்சி, என்ன ஆச்சு லா?"

"நீங்கதானே புளி குடுத்தது?"

ராமையா விழித்தான். நவமணியின் முதுகுக்குப் பின்னால் நின்று அழகேசன் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டாளி கும்பிட்டால் காரணம் கேட்கிற ஆளில்லை ராமையா.

"ஆமா தங்கச்சி, நான்தான் குடுத்தேன்" என்றான். "கொழம்பு நல்லா வந்துச்சா?"

துடைப்பம் இரண்டு முறை இறங்கிய பிறகுதான் அழகேசனால் குறுக்கே புக முடிந்தது.

"அவன் மேல தப்பில்ல புள்ள! பாசார்ல எவனோ முகந்தெரியாத ஆளு வித்திருக்கான். இவனும் தெரியாம வாங்கிட்டான்."

இதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார். உள்ளேயிருந்து ராமையாவின் மனைவி உமாராணி நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"பாசார் புளியா? ஐயோ, நேத்து நான் வச்ச கொழம்பும் பாசார் புளிதானே! விடிஞ்சதுல இருந்து எனக்கு வயித்தைப் பெரட்டுது!"

அடுத்த நிமிடமே வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வயிற்றைப் புரட்டியது. வீட்டுக்கு வீடு புளி டப்பா கால்வாய்க்குள் கவிழ்ந்தது. யாரோ போன் போட, பூசாரி பழனியாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சட்டியை ஒரு பார்வை. தொடக்கூட இல்லை. "செய்வினைதான். எத்தனை வீட்டுல எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? மிச்சம் எங்க?"

நவமணி ஐஸ் பெட்டியைக் காலி செய்து, அத்தனை பைகளையும் கொண்டுவந்து வைத்தாள். பூசாரி திருநீற்றைத் தூவி, மஞ்சள் துணியில் மூட்டை கட்டினார்.

"பூசாரி, எல்லாத்தையுமா எடுத்துட்டுப் போகணும்?" அழகேசன் மூட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் இங்கயே இருக்கட்டுமே."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"பார்த்தீங்களா?" என்றார் பூசாரி. "வீட்டு ஆம்பளையைத்தான் முதல்ல பிடிச்சிருக்கு."

பிறகு நடந்ததை அழகேசன் யாரிடமும் சொல்ல விரும்பமாட்டார். நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். நடுத்தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து அறுத்தார்கள். சாறு கண்ணில் இறங்கியது. "அழுவுறாரு! வெளிய போவுது!" என்று உமாராணி கத்தினாள். ராமையா மட்டும் அவர் காதருகே குனிந்து, "இப்பவாச்சும் சொல்லு மச்சான், நான் என்ன புளி குடுத்தேன்?" என்று கேட்டான்.

மூட்டை மோட்டாரில் ஏறி ஆற்றுப் பக்கம் போனது.

சாயங்காலம் வாசுகி போனில் வந்தாள். "அப்பா, பையெல்லாம் பத்திரமா இருக்குல்ல? ப்ரொபசர்கிட்ட சொல்லிட்டேன். அந்த சேப்டரே உங்க கையிலதான் லா."

"பத்திரமா இருக்கும்மா" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்தவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித்தர அவரால் முடியாது; குளிருக்கு ஒரு போர்வை கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அந்தப் படிப்பில் அவரால் செய்ய முடிந்தது இந்த உருண்டைகள்தான். நவமணி பார்க்காத நேரமாக மோட்டாரை உருட்டிக்கொண்டு போய், சாலையில்தான் உதைத்தார்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பழனியாண்டி தனியாக உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அழகேசன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆந்தை, எலி, மகள், ஸ்காட்லாந்து, மயில், புளி, எல்லாவற்றையும் கொட்டினார்.

"செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல பூசாரி. ஆந்தை கக்குனது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அந்த மூட்டையைக் குடுத்துடுங்க."

"ஆத்துல விட்டுட்டேனேண்ணே!" என்றார் பூசாரி.

அழகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இந்த முறை கண்ணில் எலுமிச்சைச் சாறு இல்லை.

பழனியாண்டி கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து, கொட்டகைக்கு வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பலகைக்கு அடியிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இழுத்து, மூடியைத் திறந்து அழகேசனின் முன்னால் வைத்தார். உள்ளே பிளாக்கு எண் எழுதிய பைகளில் கறுப்பு உருண்டைகள்.

"எந்த பிளாக்கு வேணும், பார்த்து எடுத்துக்குங்கண்ணே. ஊருக்கெல்லாம் செய்வினை எடுக்கிறவன், சரக்கு கைவசம் இல்லாமலா தொழில் பண்ணுவேன்?"