வெறுங்குப்பியில் கிடைத்த தங்கம்

கண்டி மாவட்டத்திலேயே யாரையும் நம்பாத மனிதர் எங்கள் ஆய்வுகூடத்து 'வெறுங்குப்பி'தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

தோட்டத்து மண்ணில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. மண்ணை நிறுத்து, நகமளவு பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, வெளிநாட்டு அணு உலைக்கு அனுப்புவோம். அங்கே நியூத்திரன் பட்டதும் மண் கதிர் வீசும். அதை அளந்து, உள்ளே எது எவ்வளவு என்று சொல்வார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் போடாத குப்பி ஒன்றையும் கூட அனுப்புவார். அதில் ஏதாவது தென்பட்டால் அது எங்கள் கை அழுக்கு. போதாததற்கு ஒரே மண்ணை இரண்டு பெயரில் அனுப்புவார்.

"அவங்கள நம்பலையாண்ணே?" என்று கேட்டேன்.

"நம்புறேன் தங்கச்சி. அதான் சோதிக்கிறேன்."

ஒருநாள் பணிப்பாளர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். வாசலிலேயே வெறுங்குப்பி அவரை மறித்துவிட்டார். "சாமி கோவிச்சுக்காது சேர். தூள் குப்பியில விழும், முகத்தைக் கழுவிட்டு வாங்க." பணிப்பாளர் கழுவிவிட்டுத்தான் வந்தார்.

என் தற்காலிக வேலை நிரந்தரமாவது கெலிஓயா மரக்கறித் தோட்டத்து அறிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முடிவு வந்தது. மண்ணில் தங்கம்! பணிப்பாளர் கேக் வாங்க ஆள் அனுப்பினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வெறும் குப்பியில எவ்வளவு?" என்றார் இவர்.

பார்த்தேன். அதிலும் தங்கம். அவர் என் விரலைப் பார்த்தார். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள்தான் குப்பிகளை அடைத்தேன். கல் வைத்த தங்க மோதிரம் கையுறையைக் கிழித்திருக்கிறது.

"என் வேலை போச்சுண்ணே."

"தங்கம்னு எழுதினா போகும். பிழைன்னு எழுதினா போகாது."

பிழைப் பதிவேட்டில் காரணமானவர் பெயரையும் எழுத வேண்டும். எழுதுவதில் தாட்சண்யமே பார்க்காத மனிதர் அவர். பேனாவை எடுத்து எழுதினார்: 'கையுறையைச் சோதிக்காமல் கையெழுத்திட்டவர்.' பக்கத்தில் தன் பெயர்.

"நான்தானேண்ணே மோதிரத்தோட வந்தேன்?"

"பார்க்கிறது என் வேலை. ஒங்க வீட்டுப் பலகாரத்தைத் தின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டேன்."

பணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, மண்ணை மறுபடி நிறுத்து அனுப்பச் சொன்னார். என் வேலை தப்பியது.

அன்று அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. என் உடுப்புத் தூசு அவர் வெள்ளைக் கோட்டில் படுமே என்று தள்ளியே நின்று அழுதேன்.