குழந்தையைக் கூட்டிப்போக ஞாயிற்றுக்கிழமை வரவும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு, உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அத்தை நலம், இவர் நலம், பத்து மாதக் குழந்தை மிகவும் நலம். நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. பேனாவைத் தேடி எடுத்ததும் எதற்கு எடுத்தேன் என்பது மறந்துபோகிறது.

பிரசவத்துக்குப் பிறகு என் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், அப்புறம் அரைமணி நேரம் காபிகூடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். முதல் இரண்டு மாதம் தெளிந்துகொண்டுதான் வந்தேன், பிறகு என்ன ஆயிற்றோ, மறுபடி முழுகிவிட்டேன். எல்லோரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க நான் ஸ்வெட்டரும் சாக்ஸுமாகத் திரிகிறேன், அரைவயிறு சாப்பிட்டு ஐந்து கிலோ ஏறியிருக்கிறேன், தலைமுடி என்னைவிடச் சீப்பில்தான் அதிகம் இருக்கிறது, கூரியர்காரர் போனில் என் குரலைக் கேட்டு “சார், வீட்ல மேடம் இருக்காங்களா” என்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். அதற்கு மாடிப்படி இறங்க வேண்டும் என்பதால் இரண்டு முறை தள்ளிப்போட்டேன்.

இதில் பெரிய கொடுமை, அத்தைக்கும் இதே வியாதி. அவர் முப்பது வருடம் மில் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் வீட்டு மாத்திரைகளும் அவர் பொறுப்பு. அலமாரியில் முன்னால் இருக்கும் பாட்டில் அவருடையது, பின்னால் இருப்பது என்னுடையது. விடியற்காலையில் தன்னுடையதை விழுங்கிவிட்டு என்னுடையதை ஒரு தட்டில் வைத்துக் கட்டிலுக்கே கொண்டுவருவார். நான் கண்ணைத் திறக்காமலே விழுங்குவேன். எனக்கு இப்படி இருக்க, அவரோ அறுபத்திரண்டு வயதில் பரண் முழுவதையும் இறக்கித் துடைக்கிறார், பீரோவைத் தனியாக நகர்த்துகிறார், ஒரே வாரத்தில் திரைச்சீலைகளை இரண்டு தடவை துவைக்கிறார், தூங்குவதே இல்லை, பாதியாக இளைத்துவிட்டார். எதிர்வீட்டம்மா வந்து இளைத்த ரகசியம் கேட்கிறார். “எனக்குந்தான் தைராய்டு. நான் படுத்தேனா?” என்று அத்தை கேட்டால் நான் ஸ்வெட்டரை இன்னும் இழுத்து விட்டுக்கொள்வேன். இவர் “அம்மாவைப் பாத்தாவது...” என்று தொடங்கி, நல்ல மனிதர், அதோடு நிறுத்திக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டத் தொட்டியில் உட்காரவைத்து முதுகில் கை கொடுத்திருந்தேன். சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது. அப்புறம் அத்தை குழந்தையை வாரித் தூக்கியதுதான் தெரியும். தண்ணீர் அவள் முகவாய்வரை வந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அக்கா. அத்தை திட்டவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, “நீ போய்ப் படும்மா” என்றார். திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து குழந்தையோடு என்னைத் தனியாக விடுவதில்லை. இவர் ஆபீஸிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து சிலிண்டர் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். எங்கள் வீட்டில் சிலிண்டர் போன வாரமே வந்துவிட்டது.

ஆகவே, ஆறு மாதம் நீ வைத்து வளர்க்கிறேன் என்றாயே, அதற்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போ. துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். இடது காதைத் தடவினால்தான் தூங்குவாள். இப்போது “ம்மா” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள். உன்னைப் பார்த்துச் சொன்னால் திருத்த வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், கொடுக்கிற அளவுக்கு என்னிடம் மிச்சம் இருந்தால்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், இன்று காலை ஜன்னல் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடி நிமிடத்துக்கு நூற்று நாற்பது. சாப்பிடும் மாத்திரையைக் காட்டச் சொன்னார்கள். பையில் போட்டு எடுத்துப்போன இரண்டு பாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே உயரம். பொடி எழுத்தில் ஒன்றில் நூறு மைக்ரோகிராம், மற்றதில் இருபத்தைந்து. நூறு என்னுடையது. இரண்டரை மாதத்துக்கு முன் அத்தை தனக்குப் புதுப் பாட்டில் வாங்கி வந்தபோது, ஸ்டோர் பழக்கத்தில் அவர் கை புதுச் சரக்கைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறது. பழையது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் மாத்திரையில் அவர் பீரோவை நகர்த்தியிருக்கிறார், அவர் மாத்திரையில் நான் தூங்கியிருக்கிறேன். அவருக்குச் சில நாளில் படபடப்பு அடங்கிவிடுமாம். எனக்குச் சில வாரம் பிடிக்கும், ஆறாவது வாரம் கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும், ஆனால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். “முப்பது வருஷத்துல ஒரு நட்டு மாறினதில்லம்மா” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், கொஞ்சம் மெதுவாக.

குழந்தையைத் தரமாட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வா, வந்து இவரை வேண்டுமானால் ஆறு மாதம் கூட்டிப்போ. வீட்டில் அவர் ஒருவர்தான் இப்போது முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார், பார்க்கப் பொறுக்கவில்லை.