சகலை வீட்டு ரோஸ் பெயின்ட்

"என்னது, மறுபடியுமா?"

பட்ஜெட்காரர் கையிலிருந்த பேப்பரைத் தொப்பென்று போட்டார். வாசலில் ஏணியும் வாளியுமாகப் பெயின்டர் நின்றான்.

"ஆமா சார். உங்க சகலை வீட்டு மாடிதான். இந்த வருஷம் இது நாலாவது தடவை. இப்ப ரோஸ் கலர்."

பட்ஜெட்காரர் என்பது தெரு வைத்த பெயர். வாடகைக்கு விட்ட மாடிக்கு வருஷத்தில் ஒரு மாத வாடகைதான் பராமரிப்புச் செலவு, அதற்கு மேல் ஓர் ஆணிகூடக் கிடையாது என்று ஒன்பது வருஷமாக இருப்பவர். மாடியில் குடியிருந்த டீச்சரம்மாவும் ஒன்பது வருஷமாக முதல் தேதி தவறாமல் வாடகை கொடுத்துவந்தார். பட்ஜெட்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்போது அடுப்போடு வயிறும் சேர்ந்து எரிந்தது.

"நாலு தடவை அடிக்கிறான்னா அந்த மாடிக்கு எவ்வளவு வாடகை வரணும்!" என்றார் மனைவியிடம்.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு எப்பவுமே கை தாராளம்" என்று மனைவி எண்ணெய் ஊற்றினாள்.

"அவன் சுவருக்குத்தானே பண்றான்? நான் தரைக்கே பண்றேன் பாரு!"

கொத்தனார் வந்து பார்த்தார். "பழைய தரையைப் பேத்துட்டுத்தாங்க டைல்ஸ் ஒட்டணும்."

"அதுக்கு எவ்வளவு ஆகும்?"

கொத்தனார் சொன்னார். பட்ஜெட்டில் அது இல்லை.

"பேக்காம மேலேயே ஒட்டுப்பா."

ஒட்டினார். தரை பளபளத்தது. ஒரு விரற்கடை உயர்ந்தும் விட்டது. டீச்சரம்மா பலம்கொண்ட மட்டும் இழுத்து மூடிய படுக்கையறைக் கதவு, பிறகு திறக்கவில்லை.

"சார்! நான் உள்ளே இருக்கேன்! ஸ்கூலுக்கு நேரமாச்சு!"

தச்சர் வந்து எல்லாக் கதவுகளின் அடியையும் இழைத்தார். படுக்கையறைக் கதவு திறந்தது. ஆனால் அளவுக்கு மேல் இழைத்துவிட்ட குளியலறைக் கதவுக்கு அடியில் பூனை தாராளமாகப் போய்வந்தது. அது போன வழியில் தண்ணீரும் வந்து கூடத்தில் நின்றது.

"அங்கேயும் தரை உசந்துருச்சுல்ல, அதான்" என்று கொத்தனார் குளியலறையில் கடப்பாரையைப் போட்டார். தரையோடு சேர்ந்து குழாயும் உடைந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, கீழே பட்ஜெட்காரரின் சமையலறையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

அவர் மொட்டை மாடிக்குப் போனார். நாலு வீடு தள்ளி அந்த ரோஸ் சுவர் மினுமினுத்தது. கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவியது போலிருந்தது.

ஐந்து வருஷப் பராமரிப்புப் பணம் மூன்று வாரத்தில் தீர்ந்தது.

"வாடகையை ஏத்திட்டாப் போச்சு" என்றார்.

"டீச்சரம்மா வேற வீடு பாத்துட்டாங்கன்னா?"

"ஒன்பது வருஷமா இருக்கறவங்க, எங்கே போயிடப் போறாங்க?"

போய்விட்டார். சாவியைக் கொடுக்கும்போது, "ஒன்பது வருஷமா எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை சார். நீங்க ரிப்பேர் பண்ண ஆரம்பிக்கிற வரைக்கும்" என்றார்.

இரண்டு மாதமாக மாடியில் பூனை மட்டும்தான். வருகிறவர்கள் கூடத்தில் காலை வைத்ததும் வழுக்கிக்கொண்டு திரும்பினார்கள். மனைவி காப்பியை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டாள்.

ஒருநாள் பெயின்டர் ஏணியோடு உள்ளேயே வந்துவிட்டான்.

"மாடி காலியாமே சார்! எப்ப ஆரம்பிக்கட்டும்?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"உங்க சகலைதான்."

பட்ஜெட்காரர் பல்லைக் கடித்தார். "சிரிச்சிருப்பானே?"

"பின்னே சிரிக்க மாட்டாரா சார்? அவர் மாடியில ஒருத்தரும் மூணு மாசம் தங்கறதில்லை, ஆள் காலி பண்ணப் பண்ண நானும் பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருக்கேன். உங்க டீச்சரம்மாவைப் பார்த்துப் பார்த்து ஒன்பது வருஷமா வயிறெரிஞ்ச மனுஷனாச்சே!"