ஸ்டீபனின் கிட்டாருக்கு நான் பார்த்த வைத்தியம்

அரைகுறையாகத் தெரிந்த வேலையை அடுத்தவர் பொருளில் செய்து பார்க்க வரும் தைரியம், சொந்தப் பொருளில் வருவதில்லை. இளம் வயதில் எனக்கு அந்தத் தைரியம் தாராளமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஹட்டனில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் எனக்கு வேலை. (திருத்தியதைவிடக் கழற்றியது அதிகம்.) என் நண்பன் ஸ்டீபன் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர், எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். கந்தப்பளை ரோசலினுக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தபோது வாசித்தான். பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. ரோசலினின் அப்பா, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு, கேட்டார்:

"என்னா மாப்பிள்ள, பொட்டிக்குள்ள வண்டு ஏதும் பூந்துருச்சா?"

மறுநாளே ஸ்டீபன் கிட்டாரோடு கடைக்கு வந்துவிட்டான்.

"கலியாணத்தன்னைக்கு அவளுக்காக ஒரு பாட்டு வாசிக்கணும்டா. இந்த வண்ட எப்படியாச்சும் வெரட்டிரு."

கிட்டார் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அதுதான் பிக்கப். தந்தியின் அதிர்வோடு, பக்கத்து மின்சார வயர்களின் இரைச்சலையும் அது பிடித்துவிடும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். (முழுவதும் படித்திருக்கலாம்.) பழைய கிட்டார் ஒன்றின் பிக்கப்பைக் கழற்றி, இதன் பக்கத்தில் பொருத்தி, வயரை மாற்றி இணைத்தேன். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். பரிபூரண அமைதி. வேலைக்காகக் கழற்றிய தந்திகளைக் கலியாணத்தன்று காலையில் ஸ்டீபனே மாட்டிக்கொண்டான்; ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

அன்று மண்டபத்தில், கோட்டும் சூட்டுமாக அவன் எழுந்து நின்றான். இரைச்சல் துளியும் இல்லை. கண்டாக்குகூட மெச்சித் தலையாட்டினார். ஸ்டீபன் தந்தியை மீட்டினான். தீப்பெட்டிக்குள் அடைத்த கொசு பாடுவதுபோல் ஏதோ கேட்டது. சத்தத்தைக் கூட்டினான். கொசு கொஞ்சம் பெரிதானது. அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"தம்பி," என்றார் கண்டாக்கு என்னிடம், "வண்ட வெரட்டச் சொன்னா பாட்டையும் சேத்து வெரட்டிப்புட்டீங்களே."

மண்டபமே சிரித்தது. ஸ்டீபனின் முகம் சுண்டிப்போனது. நான் கேக் மேசைக்குப் பின்னால் நகர்ந்து, வாசலுக்கு வழி பார்த்தேன். அப்போதுதான் ரோசலின் எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க சும்மா வாசிங்க. நான் பாடிக்கிறேன்."

கோயில் பாடகர் குழுவில் பழகிய குரல், மைக்கே தேவைப்படவில்லை. அவள் பாட, ஸ்டீபன் கேட்காத கிட்டாரைக் கடைசிவரை மிக உருக்கமாக வாசித்தான்.

வயரை மாற்றினால் மட்டும் போதாது, ஒரு சுருளின் காந்தத்தையும் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சலோடு தந்தியின் ஒலியும் அழிந்துபோகும் என்பது அடுத்த வாரம் எனக்கு விளங்கியது. திருப்பி வைத்தேன். கிட்டார் அருமையாகப் பாடியது. ஆனால் அதற்குள் என் பெயர் கந்தப்பளை தாண்டிப் போய்விட்டது.

இன்றும் ஸ்டீபன் கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டால், ரோசலின் எனக்குத்தான் போன் போடுகிறாள்.

"அண்ணே, இவருக்கு ரெண்டு நாளா சத்தமே வரல. நீங்க ஏதும் கைய வச்சீங்களா?"