எட்டு மணி அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பையே வளைக்கிற ஆட்கள் ஆயிரம் பேர் உண்டு. யாராலும் வளைக்க முடியாத ஒரே ஆள் எங்கள் எட்டு மணி அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் கம்பி ஆலையில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஷிஃப்ட். அண்ணன் மட்டும் எட்டு மணி நேரம் முடிந்து மூன்று மணி ஆனதும் இடுக்கியைச் சாய்த்து வைத்து, கையுறையைக் கழற்றி, முகம் கழுவி, தலை சீவி, கேட் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கும் போக முடியாது. ஊத்துக்கோட்டைக்குக் கம்பெனி பஸ் ஏழு மணிக்குத்தான். அதுவரை மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவர் மாதிரி கால்மேல் கால் போட்டு இருப்பார்.

"யோவ், சும்மாதான ஒக்காந்துனு கீற? வந்து நாலு கம்பி இழுத்தா இன்னா?" என்பார் சூப்பர்வைசர்.

"சும்மா ஒக்காரல சார். ரெஸ்ட்ல கீறேன்."

பழுக்கக் காய்ந்த கம்பியை அவரைப் போலப் பிடிக்க வேறு ஆள் இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்திருந்தார்கள்.

மே தினம் வந்தால் இன்னும் பேஜாரு. எங்களுக்குக் கேட்டில் ஆளுக்கொரு லட்டு கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். வெட்கங்கெட்ட நாங்களும் மென்றுகொண்டே போவோம். அண்ணன் அன்று லீவு. ஆனாலும் வெள்ளைச் சட்டையில் அதே பஸ்ஸில் வந்திறங்கி, வெளியே வேப்பமரத்தில் சிவப்புக் கொடி கட்டிப் பேசுவார். கேட்பது வாட்ச்மேனும் இரண்டு ஆடுகளும்.

"எட்டு மணி நேரந்தான் வேலைன்னு கேட்டவங்கள சிகாகோவுல தூக்குல போட்டாங்கப்பா. அவங்க உசுரக் குடுத்து வாங்குனத நாம லட்டுக்கு வித்துட்டோம்."

பேச்சு முடிந்ததும் பஸ்ஸுக்காக ஏழு மணி வரை அங்கேயே காத்திருப்பார். லீவு நாளை வேலை வாசலிலேயே கழித்த மகானுபாவர்.

போன வருஷம் அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வேலை இருந்தால்தான் இ.எஸ்.ஐ. அட்டை, அட்டை இருந்தால்தான் வைத்தியம். இதற்கே காத்திருந்தவன் போல, எங்களை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் சொன்னான்: "பன்னெண்டு மணி நேரம் செய்யறதுன்னா வா. இல்லன்னா நின்னுக்கோ."

அந்த மே தினத்தில் அண்ணன் காக்கிச் சட்டையில் வந்திறங்கினார். லட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வேப்பமரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அத்தனை வருஷம் கிண்டல் செய்த நாங்கள் அன்று லட்டை மெல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

மூன்று மணி ஆனது. பழக்க தோஷம், எல்லோரும் அவர் கையைப் பார்த்தோம். கை பாட்டுக்குக் கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் போய் இடுக்கியைப் பிடித்தேன்.

"உன் டைம் முடிஞ்சிச்சிண்ணே. போய் ஒக்காரு. மீதிய நான் பாத்துக்கிறேன்."

இடுக்கியை விடாமல் என்னைப் பார்த்தார். "அப்போ உன் எட்டு மணி நேரம் இன்னா ஆவுறது, நைனா?"

பெற்றவர்கள் கேட்டதில்லை, கட்டியவள் கேட்டதில்லை. என் எட்டு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.