இராயப்பர் போட்ட இறுக்கமான ஷூ

கடவுளுக்குக் கீழ்ப்படிவதில் பெரிய சிரமம் இல்லை. எந்தச் செருப்போடு கீழ்ப்படிவது என்பதில்தான் மனிதன் மாட்டிக்கொள்கிறான். (தவசுகாலத் தியானங்களில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை.)

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலுக்குத் தியானம் கொடுக்க வந்த சாமியார், "ஆண்டவர் கூப்பிட்டா யோசிக்காதே, ஒரு அடி முன்னால எடுத்து வை!" என்று தினமும் முழங்கினார். நான் உருகிப்போயிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு ஓர் ஆள் குறைகிறது என்று பங்குச் சாமியார் அறிவித்ததும், யோசிக்காமல் எடுத்து வைத்தேன். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு ஆண்களின் வலது காலைச் சாமியார் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எனக்கு வாய்த்தது இராயப்பர், அதாவது பேதுருவின் இடம். "என் காலை நீர் கழுவவே கூடாது" என்று ஆண்டவரிடமே மறுத்தாரே, அவர்.

எல்லாம் விசுவாசம்தான் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அடையாற்றில் ஒரு தலைமையாசிரியர் தன் மகள் பிலோமினாவுக்கு என்னை மாப்பிள்ளையாக யோசித்துக்கொண்டிருந்தார். "பையன்கிட்ட கீழ்ப்படிதல் இருக்கான்னு பாக்கணும்" என்றாராம். அந்தப் பூசைக்குக் குடும்பத்தோடு வருவதாகத் தகவல். எனக்கோ பிலோமினாவை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலை. (ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன்.)

என்னிடம் இருந்ததோ ரப்பர் செருப்பு. கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் துணிமணிப் பிரிவில் இருந்த அக்கா வீட்டுக்காரர், ஏதோ வில்லன் போட்டுக் கழற்றிய கூர்மூக்கு ஷூவைக் கொண்டுவந்தார்.

"டைட்டா கீதா மச்சான்?"

"அளவெடுத்த மாதிரி இருக்கு மாமா" என்றேன், உயிர் போகிற வலியில். சாக்ஸ் போட்டால் கால் நுழையாது. ஆகவே சாக்ஸ் இல்லை. கழுவப் போகிற காலை முன்கூட்டியே தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

கோயிலில் வெக்கை. பிரசங்கம் நீண்டது, கால் வீங்கியது. மற்ற பதினொரு பேரும் செருப்பை உதறிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். நான் குனிந்து இழுத்தேன். ஷூ அசையவில்லை. முன்வரிசையில் தலைமையாசிரியர். பக்கத்தில் பிலோமினா.

பங்குச் சாமியார் என் முன் மண்டியிட்டார். "காலை நீட்டு தம்பி."

"வேணாம் சாமி."

பக்கத்தில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கோயில் முழுக்கக் கேட்டது.

"என் கால் மட்டும் வேணாம் சாமி, விட்டுடுங்க!"

பெண்கள் பக்கம் யாரோ "சேசுவே!" என்று விம்மினார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு, "வசனமெல்லாம் வேணாம், காலைக் காட்டு" என்றார்.

தண்ணீர்ச் செம்போடு நின்ற உபதேசியாருக்குத்தான் விஷயம் புரிந்தது. "இன்னா நைனா, கயட்ட வர்லியா?" என்று குதிகாலைப் பிடித்து ஒரே இழுப்பு. ஷூ வந்தது. உபதேசியார் அதோடு போய்க் கால் கழுவும் தாம்பாளத்துத் தண்ணீரில் உட்கார்ந்தார்.

வெளியே வந்த கால் என்னுடையது போலவே இல்லை. வேர்வையில் ஷூவின் சாயம் ஊறிக் கணுக்கால்வரை கருநீலம். சாமியார் கழுவினார், போகவில்லை. துடைத்தார், வெள்ளைத் துண்டு நீலமானது. அந்தக் காலை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முத்தமிட்டார். அன்று அந்தக் கோயிலில் கீழ்ப்படிதலைக் காட்டிய ஒரே ஆள் அவர்தான். மீதிப் பூசையை நீல உதட்டோடு முடித்தார்.

இனி அடையாறு பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்று நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவா, தாழ்ச்சியா!"

"தாழ்ச்சி இல்லப்பா, ஷூ டைட்டு" என்றாள் பிலோமினா.

அப்படியும் சம்மதித்தாள். ஏன் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். "கால் நசுங்கினாலும் வலிக்குதுன்னு வாயத் திறக்காம உக்காந்திருந்தீங்களே. குடும்பம் நடத்த அது போதாதா?" என்றாள்.

அவள் கணக்குத் தப்பவில்லை. இன்றும் எந்த விசேஷத்துக்குப் புறப்பட்டாலும், வாசலில் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்பாள்: "இராயப்பரே, ஷூவ ஒரு தடவ கழட்டிக் காமிச்சிட்டுக் கிளம்புங்க." நானும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.